குடும்பக் கும்பலின் தலைவி

"பெர்பெத்துவா பாக்சி சூனி: குந்துர்பாம்பா வாக்குச்சாவடி மேசைத் தலைவி. வேட்பாளர் மொஸ்கோசோவின் நெருங்கிய உறவினர். தன் சகோதரர் ஹிலாரியோ பாக்சி சூனி, மகள் நில்தா பாக்சி சூனி ஆகியோருடன் குடும்பக் கும்பலாகச் சேர்ந்து மேசையைக் கைப்பற்றி, எதிர்த்தரப்பு வாக்குகளை அப்புறப்படுத்தியவர். எழுத்தறிவு இல்லாதவர். தீவிரவாதத் தொடர்பு விசாரிக்கப்பட வேண்டியவர்."

எதிர் வேட்பாளர் பொறியாளர் இசாகிர்ரேயின் வழக்கறிஞர்கள் தேர்தல் நடுவர் மன்றத்துக்குக் கொடுத்த மனுவில் இப்படித்தான் இருந்தது. மனு மன்றத்துக்குப் போய்ச் சேர்வதற்கு முன்பே தலைநகர் லிமாவின் பெரிய தொலைக்காட்சி ஒன்றுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. சிவப்புப் பின்னணியில், பேய்ப்படத்து இசையோடு, அவளுடைய அடையாள அட்டைப் படத்தைத் திரை முழுக்க விரித்துக் காட்டினார்கள். அடையாள அட்டையில் யாருக்குமே கொலைகாரக் களைதான் வரும். லிமாக்காரர்களுக்கும் அப்படித்தான். ஆனால் அவர்களுடைய அட்டையை யாரும் பெரிதாக்கிக் காட்டுவதில்லை.

மனுவில் சரியாக இருந்தது அவளுடைய பெயரும் பதவியும் மட்டும்.

ஹிலாரியோ அவளுக்குச் சகோதரன் இல்லை. வாய்க்கால் தண்ணீர் முதலில் யார் வயலுக்கு என்ற தகராறில் இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்று பல வருஷம் ஆகியிருந்தது. தேர்தலன்று ஒரே மேசையில் உட்கார்ந்திருந்தபோதுகூட, "அந்த மைப்புட்டிய இந்தப் பக்கம் தள்ளச் சொல்லு" என்று நடுவில் இருந்த நில்தாவிடம்தான் இருவரும் மாறிமாறிச் சொன்னார்கள். நில்தா அவளுக்கு மகளும் இல்லை. நில்தாவைப் பெற்றவள் அதே பள்ளிக்கூட வாசலில் அவித்த உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் விற்றுக்கொண்டிருந்தாள். மேசைக்கு, அதாவது வாக்குப்பதிவை நடத்தும் மூவர் குழுவுக்கு, ஊரிலிருந்து ஆள் எடுத்தது குலுக்கல் முறையில். எடுத்தவர்கள் லிமா அதிகாரிகள். எழுத்தறிவைப் பொறுத்தவரை, பாதிரியார் மலையேறி வராத ஞாயிறுகளில், அதாவது பெரும்பாலான ஞாயிறுகளில், கோயிலில் விவிலியத்திலிருந்து நிருபம் வாசிப்பவள் பெர்பெத்துவாதான். தீவிரவாதத் தொடர்பு உண்டு. அவள் சிறுமியாக இருந்தபோது தீவிரவாதிகள் ஊருக்கு வந்து அவள் அப்பாவின் இரண்டு எருதுகளை அறுத்துத் தின்றார்கள். அவர்களைத் தேடி வந்த ராணுவம் மிச்சமிருந்த ஆடுகளைத் தின்றது. தொடர்பு அதோடு முடிந்தது.

குந்துர்பாம்பாவில் குடும்பப் பெயர்களுக்குப் பஞ்சம். பாக்சி, சூனி, வில்கா. இந்த மூன்றையும் மாற்றி மாற்றிப் போட்டுத்தான் தலைமுறை தலைமுறையாகக் காலம் ஓடுகிறது. அப்பா பாக்சியாகவும் அம்மா சூனியாகவும் இருக்கிற ஆட்களை ஒரு வரிசையில் நிறுத்தினால் வரிசை பள்ளிக்கூடத்தைச் சுற்றி வரும். லிமாவில் பொறியாளர் இசாகிர்ரேயின் சித்தப்பா ஒரு பத்திரிகையின் தலைவர், ஒன்றுவிட்ட அண்ணன் ஒரு வங்கியின் தலைவர், அண்ணன் மகன் அந்தத் தொலைக்காட்சியின் பங்குதாரர். மூவருக்கும் பெயர் இசாகிர்ரேதான். அங்கே அதற்குப் பாரம்பரியம் என்று பெயர்.

அந்த முறை ஜனாதிபதித் தேர்தலின் இறுதிச் சுற்றுக்கு வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் பொறியாளர். இன்னொருவர் டாக்டர் எலோய் மொஸ்கோசோ, கால்நடை மருத்துவர், தெற்கு மலையில் சான் ஹசிந்தோ பட்டணத்தின் பழைய மேயர். முதல் சுற்றில் அவர் முந்தி வந்த மறுநாளே லிமாப் பத்திரிகை ஒன்று அவருக்கு மலையில் பொதி சுமக்கும் லாமா என்ற மிருகத்தின் காதுகளை வைத்துக் கேலிச்சித்திரம் போட்டது. அதில் அரண்மனைக் காவலாளி புல்லுக்கட்டோடு நிற்பார். தொலைக்காட்சியின் காலை நிகழ்ச்சியில் மொஸ்கோசோவைக் கூப்பிட்டு, "ஜெயிச்சா அரண்மனைத் தோட்டத்துல அல்பாகா மேய்ப்பீங்களா?" என்று கேட்டார்கள். மறுநாள் அதே நாற்காலியில் பொறியாளரை உட்காரவைத்து, நாட்டின் கடன்சுமையை எப்படிக் குறைக்கப் போகிறீர்கள் என்று கேட்டார்கள். மூன்றாம் நாள் ஒரு சமூகவியல் நிபுணர் வந்து, அவ்வளவு உயரத்தில் மூளைக்குப் போதிய ஆக்சிஜன் போகாது, ஆகவே மலை மக்களின் வாக்கை நாம் கோபத்தோடு அல்ல, கருணையோடு பார்க்க வேண்டும் என்றார். பொறியாளர் பிரசாரத்துக்கு ஒரே ஒருமுறை மலைக்கு வந்தார். பூப்போட்ட கம்பளிப் போர்வை போர்த்தி, சந்தையில் இரண்டு சுற்று ஆடிவிட்டு, காருக்குள் போய் ஆக்சிஜன் குழாயை மூக்கில் வைத்துக்கொண்டார். அதை எந்தத் தொலைக்காட்சியும் காட்டவில்லை.

மொஸ்கோசோ மலைச்சாதி என்பது லிமாவுக்கு எப்படித் தெரிந்தது என்பதுதான் குந்துர்பாம்பாவுக்கு விளங்கவில்லை. ஊருக்கு அவர் துரை. அவருடைய தாத்தாவின் பண்ணையில்தான் பாக்சிகளின் தாத்தாக்கள் கூலி இல்லாமல் உழைத்தார்கள். மலைப் பாஷையில் அவருக்குத் தெரிந்ததெல்லாம் மாட்டை அதட்டும் சொற்களும் ஓட்டுக் கேட்கும் சொற்களும்தான். ஆனாலும் ஊர் அவர் பக்கம் போயிற்று. காரணத்தைக் கடைக்காரரும் ஊர்த்தலைவருமான தோன் கசியானோ ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

"அந்தாள நான் ஒண்ணும் பெருசா மதிக்கல. ஆனா அவன் மூஞ்சில துப்பறேன்னு நம்ம மூஞ்சிலதானய்யா துப்பறானுங்க!"

பெர்பெத்துவாவுக்கு மட்டும் அது அவ்வளவு சுலபமாக இல்லை. மொஸ்கோசோ அவளுக்கு கொம்பாத்ரே.

அல்பாகாக்களுக்கு ஊசி போட அவர் ஊருக்கு வந்திருந்த சமயம், அவளுடைய மகன் ரோமுலோவுக்கு முதல் முடி எடுக்கும் பருவம். மலையில் குழந்தைக்குப் பிறந்த முடியில் கத்தரி படாமல் வளர்ப்பார்கள். முதல் கற்றையை வெட்டுகிறவர் குழந்தைக்கு ஞானத்தகப்பன், பெற்றவர்களுக்கு கொம்பாத்ரே; பெற்றவள் அவருக்கு கொமாத்ரே. அது சாகும்வரை விடாத உறவு. ரத்த உறவுக்காரர்களோடு மண்டை உடையச் சண்டை போடலாம். கொம்பாத்ரேயைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலே ஆலங்கட்டி மழை பயிரை அடிக்கும். திட்டுவதானாலும் "என் கொம்பாத்ரே" என்று தொடங்கித்தான் திட்ட வேண்டும். மாட்டு டாக்டரே உறவானால் நல்லதுதானே என்று அவள் கணவன், அப்போது உயிரோடு இருந்தவன், கத்தரியை மொஸ்கோசோவின் கையில் கொடுத்தான். அவரும் சிரித்துக்கொண்டே வெட்டினார்.

அதற்குச் சில வருஷம் கழித்து, கொம்பாத்ரேயின் பெயர்நாள் விருந்துக்கு, அதாவது அவர் பெயர்கொண்ட புனிதரின் திருநாள் விருந்துக்கு, பெர்பெத்துவா சான் ஹசிந்தோ போனாள். முறைப்படி போனாள். முதுகுத் துணியில் பாலாடைக்கட்டி, பனியில் உலர்த்திய உருளைக்கிழங்கு, உரித்துச் சுத்தம் செய்த ஓர் ஆட்டுக்குட்டி. கூடத்தில் நோட்டரியும் போலீஸ் கேப்டனும் பாதிரியாரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். கொம்பாத்ரேயின் மனைவி தோன்யா கிராசியேலா ஓடி வந்து கட்டிக்கொண்டாள்.

"வா வா பெர்பெத்துவா! எத்தனை நாளாச்சு உன்னைப் பாத்து! உனக்கு சமையல்கட்டுல எடம் போட்டிருக்கேன். அங்கதான் உனக்கு சௌகரியமா இருக்கும்."

சமையல்கட்டில் கினிப்பன்றிகள் காலுக்கடியில் கீச்சிட்டு ஓடின. அவளுடைய தட்டு மற்றத் தட்டுகளோடு இல்லை. ஓரம் பெயர்ந்த எனாமல் தட்டு, தனி ஆணியில் தொங்கியது. ஆட்டுக்குட்டி கூடத்துக்குப் போயிற்று. அதன் எலும்பு, சூப்பில் மிதந்து அவளிடம் திரும்பி வந்தது. பாதி விருந்தில் கொம்பாத்ரே கையில் கோப்பையோடு வாசற்படிவரை வந்து எட்டிப் பார்த்தார்.

"சாப்ட்டியா கொமாத்ரே? வெக்கப்படாம சாப்பிடு."

அவள் சாப்பிட்டாள். தட்டைக் கழுவி அதே ஆணியில் மாட்டினாள். ஊருக்குத் திரும்பி, விருந்து பிரமாதம், கேப்டன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன் என்றாள். ஊர் வாயைப் பிளந்து கேட்டது. அன்றிலிருந்து அந்தத் தட்டைப் பற்றி ஒருவரிடமும் மூச்சு விடவில்லை, ரோமுலோவிடம்கூட.

ஆகவே, லிமாப் பத்திரிகை மொஸ்கோசோவுக்கு லாமாக் காது வைத்தபோது கசியானோவின் கடையில் எல்லோரும் பல்லைக் கடித்தார்கள். பெர்பெத்துவாவுக்கு மட்டும் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியிலேயே நின்றும் போனது. அந்தக் காது தன் தலையிலும் இருப்பதாக அவளுக்குப் பட்டது. தன்னைச் சமையல்கட்டில் உட்காரவைத்தவர் ஒரு பக்கம், வீட்டு வாசலிலேயே விடாதவர் மறு பக்கம். இருவரில் ஒருவருக்குப் போட்டாக வேண்டும், போடாவிட்டால் அபராதம். பொறியாளரோடு அவளுக்கு உறவுமுறை எதுவும் இல்லை. உறவில்லாதவன் செய்கிற அவமானம் அவ்வளவு உள்ளே இறங்குவதில்லை. தேர்தலன்று தட்டிக்குப் பின்னால் போய்ப் பொறியாளரின் சின்னத்தில் சிலுவைக்குறி போட்டாள். போட்ட பிறகு பெரிய திருப்தி ஒன்றும் இல்லை.

மாலையில் பெட்டியைத் திறந்து, மேசைத் தலைவி என்ற முறையில் ஒவ்வொரு சீட்டாகப் பிரித்து, தூக்கிக் காட்டி, உரக்க வாசித்தாள். மொஸ்கோசோ. மொஸ்கோசோ. மொஸ்கோசோ. இருட்டும்வரை மொஸ்கோசோ. பொறியாளருக்கு விழுந்தது மூன்றே மூன்று. ஒவ்வொன்றுக்கும் ஜன்னலில் தொத்திக்கொண்டிருந்த கூட்டம் உறுமியது. அந்த மூன்றில் ஒன்று தன்னுடையது என்று அவளுக்குப் பார்த்ததுமே தெரிந்தது. குரல் மாறாமல் வாசித்தாள்.

"யார்றா அந்த மூணு கழுதைங்க?" என்று வெளியிலிருந்து யாரோ கத்தினார்கள்.

"தேடிக் கண்டுபிடிச்சுப் புல்லு போடுவோம்!" என்றார் கசியானோ. எல்லோரும் சிரித்தார்கள். பெர்பெத்துவாவும் சிரித்தாள்.

பொறியாளரின் கட்சி குந்துர்பாம்பாவுக்கு ஏஜெண்ட் அனுப்பவில்லை. பாதை மோசம், குளிர் அதிகம், ஓட்டும் கிடைக்காது. அனுப்பாததும் பின்னால் மனுவில் ஏறியது: எங்கள் தரப்பினர் ஒருவர்கூட உள்ளே இல்லாத சந்தேகத்துக்குரிய சூழ்நிலையில் எண்ணிக்கை நடந்தது.

நாடு முழுவதும் எண்ணி முடிக்கும்போது மொஸ்கோசோ மயிரிழையில் முன்னே நின்றார். மயிரிழை என்பதால் மனுக்கள் பறந்தன. மலையில் ஒரே குடும்பப் பெயர்க்காரர்கள் சேர்ந்து உட்கார்ந்த மேசைகளையெல்லாம் ரத்து செய்ய வேண்டும் என்றார்கள். அந்தப் பட்டியலில் குந்துர்பாம்பாவும் இருந்தது. இரவுச் செய்தியில் பெர்பெத்துவாவின் முகம் வந்தபோது ஊரே கசியானோவின் கடையில்தான் இருந்தது, அவளும்தான்.

"நம்ம ஊர் ஓட்டைக் குப்பைல கொட்டப் போறான்," என்றார் கசியானோ. "மூணு மணி நேரம் நடந்து வந்து போட்டவன் இருக்கான். புள்ளத்தாச்சி வந்து போட்டா. எல்லாரும் செத்தவங்க கணக்குல போயிடுவோம்."

"இது பெர்பெத்துவாக்கா மேசை. அவங்கதான் எதாவது பண்ணணும்," என்றாள் நில்தாவின் அம்மா.

"நான் என்னத்த பண்ண? ஒழுங்காத்தானே எண்ணினேன்."

"ஒழுங்கா எண்ணினது நமக்குத் தெரியும். டி.வி.க்குத் தெரியணுமே. நாளன்னைக்கு லிமாவுலேர்ந்து ஆளுங்க வர்றாங்களாம். சதுக்கத்துல வெச்சு உன்னைக் கேக்கப் போறாங்க. நீ பேசறதுலதான் இருக்கு," என்றார் கசியானோ.

பெர்பெத்துவா அன்றைக்குத் தூங்கவில்லை. மோசடி இல்லை என்பதற்கு அவளிடம் ஒரே ஒரு அத்தாட்சி இருந்தது, அதைவிடப் பலமானது வேறு எவரிடமும் இல்லை. மொஸ்கோசோவுக்காகத் திருடினாய் என்கிறார்கள். அவள் மொஸ்கோசோவுக்கு ஓட்டே போடவில்லை. சொன்னால் ஊரின் ஓட்டு பிழைக்கும். சொன்னால் ஊரில் அவள் பிழைக்க முடியாது.

வந்தவர்கள் இரண்டு பேர். ஹிமேனா என்ற இளம் நிருபர், லுச்சோ என்ற கேமராக்காரர். ஹிமேனா நல்ல பெண். வண்டியிலிருந்து இறங்கியதும் மலை மயக்கத்தில் வாந்தி எடுத்தாள். பெர்பெத்துவா கோகா இலைத் தேநீர் வைத்துக் கொடுத்து, தன் தோளில் கிடந்த கம்பளியை எடுத்து அவளுக்குப் போர்த்திவிட்டாள். "கடவுளே, எவ்வளவு அன்பான ஜனங்க!" என்று ஹிமேனா கண்கலங்கினாள். ஆனால் அந்த நல்ல பெண்ணும், தன் தாயின் வயதிருக்கும் பெர்பெத்துவாவை, லிமாவில் மலைக்காரிகளைக் கூப்பிடுகிற வழக்கப்படி நீ என்றுதான் பேசினாள். பெர்பெத்துவா கவனித்தாள். லிமாக்காரர்களிடம் அதற்குக் கோபித்துக்கொள்ள ஆரம்பித்தால் வேறு வேலை பார்க்க நேரம் இருக்காது.

சதுக்கத்தில் ஊரே கூடி நின்றது.

"சொல்லு ஆயா, மொஸ்கோசோ உனக்கு என்ன வேணும்?"

"எனக்கு கொம்பாத்ரே."

"அப்போ சொந்தந்தான்?"

"சொந்தம் இல்லம்மா. எம் பையனுக்கு மொத முடி எடுத்தவரு."

"அவர் ஜெயிக்கணும்னு உனக்கு ஆசை இருந்திருக்கும் இல்லையா?"

பெர்பெத்துவா கூட்டத்தைப் பார்த்தாள். முன்வரிசையில் கசியானோ தலையாட்டி ஊக்கப்படுத்தினார். அவருக்குப் பின்னால், தள்ளி, ஹிலாரியோ வேறு பக்கம் பார்த்தபடி நின்றார்.

"என் கொம்பாத்ரேக்கு நான் ஓட்டுப் போடலம்மா," என்றாள்.

கசியானோவின் தலையாட்டல் நின்றது.

"என்ன சொன்னே?"

"போடல. பொறியாளருக்குப் போட்டேன். என் கொம்பாத்ரே விருந்துக்கு ஒரு ஆட்டுக்குட்டி சுமந்துக்கிட்டுப் போனேன். நோட்டரி கூடத்துல உக்காந்தாரு. என்னை சமையல்கட்டுல உக்கார வெச்சாங்க. எனக்குன்னு தனித் தட்டு, ஆணில மாட்டி வெச்சிருந்தாங்க. என் கொம்பாத்ரே எட்டிப் பாத்து, வெக்கப்படாம சாப்பிடுன்னாரு. அவருக்குப் போட எனக்குக் கை வரல. நீங்களே சொல்லுங்க, அவருக்காகத் திருடறவ மொதல்ல தன் ஓட்டை அவருக்குப் போட மாட்டாளா? அந்த மூணு ஓட்டையும் நான்தான் தூக்கிக் காட்டிப் படிச்சேன். மறைக்கறவ படிப்பாளா?"

ஹிமேனா லுச்சோவைப் பார்த்தாள். லுச்சோ கேமராவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவள் வந்த வேலைக்குத் திரும்பினாள்.

"சரி ஆயா. ஆனா கொம்பாத்ரேன்னா ரொம்ப நெருக்கமான உறவுன்னு சொல்றாங்களே. அது உண்மையா?"

வேறு ஊர்க்காரியாக இருந்தால் இந்த இடத்தில் உறவை மறுத்திருப்பாள், மழுப்பியாவது இருப்பாள். குந்துர்பாம்பாக்காரிக்கு அது வராது. ஊர் முன்னால் கொம்பாத்ரேயைக் குறை சொன்னதே பெரிய பாவம். உறவையும் இல்லை என்று சொன்னால் வயலில் ஒரு செடி மிஞ்சாது. செய்த பாவத்தைக் கொஞ்சம் ஈடுகட்டவும் அவளுக்குத் தோன்றியிருக்கலாம். நிமிர்ந்து நின்று, தெளிவான குரலில் சொன்னாள்:

"ரொம்ப நெருக்கம்மா. பெத்த அப்பன் மாதிரி. அவருக்காக எது வேணாலும் செய்யணும், அதான் எங்க முறை. பேரு சொல்லிக்கூடக் கூப்பிட மாட்டோம்."

ஹிமேனா நன்றி சொல்லிக் கட்டிக்கொண்டாள். வண்டியில் சாமான் ஏற்றும்போது லுச்சோ பக்கத்தில் வந்தார். அவருடைய அம்மாவும் மலைக்காரி என்று முகமே சொல்லியது. லிமாவிலிருந்து வந்தவர்களில் அவர் ஒருவர்தான் நீங்கள் என்றார்.

"அம்மா, நீங்க சொன்னது எல்லாத்தையும் போட மாட்டாங்க. மனசுல வெச்சுக்கங்க."

"அப்போ எதுக்குப்பா எடுத்தே?"

"எடுக்கறதுதாம்மா என் வேலை. வெட்டறவங்க வேற."

வெட்டியவர்கள் யார் என்று யாருக்கும் தெரியாது. லிமாவில் ஏதோ கண்ணாடி அறைக்குள் இருந்தார்கள். ஒளிபரப்பு ஒரு நிமிஷம்கூட ஓடவில்லை. "எனக்கு கொம்பாத்ரே." வெட்டு. "ரொம்ப நெருக்கம்மா. பெத்த அப்பன் மாதிரி." வெட்டு. "அவருக்காக எது வேணாலும் செய்யணும், அதான் எங்க முறை." கீழே பெரிய எழுத்தில்: ஒப்புக்கொண்டாள். பிறகு ஹிமேனா தோன்றி, ஆபத்து நிறைந்த பகுதியிலிருந்து, என்று ஆரம்பித்தாள்.

"அந்தப் பொண்ணு உங்க கம்பளியப் போத்திக்கிட்டுத்தான் பேசுது, பாத்தீங்களா," என்றாள் நில்தாவின் அம்மா. கடையில் பெர்பெத்துவாவிடம் யாராவது பேசிய கடைசி வார்த்தை அதுதான்.

அதே நேரம் லிமாவின் வடக்குப் புறநகரில், ரோமுலோ வேலை பார்த்த சுட்ட கோழிக்கடையிலும் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. வாடிக்கையாளர் ஒருவர் கோழிக்காலைத் திரையை நோக்கி நீட்டி, "இதுங்களுக்கெல்லாம் எவன் ஓட்டுரிமை குடுத்தான்?" என்றார். முதலாளி திரையில் பெயரைப் படித்தார். ரோமுலோவைத் திரும்பிப் பார்த்தார்.

"பாக்சியா? டேய், உனக்குச் சொந்தமா?"

"இல்ல முதலாளி. எங்க மலையில எல்லாருக்குமே அந்தப் பேருதான்."

"அட, ஆமா, கேள்விப்பட்டிருக்கேன்," என்று முதலாளி ஒப்புக்கொண்டு, உருளை வறுவலைக் கொண்டுபோய் வைக்கச் சொன்னார். வழக்கறிஞர்கள், நிபுணர்கள், செய்தி ஆசிரியர்கள் யாரும் நம்ப மறுத்த விஷயத்தை லிமா அந்த ஒரு தடவை தயக்கமின்றி நம்பியது. ரோமுலோ இதை அம்மாவிடம் சொல்லவில்லை. கூட வேலை பார்த்த பக்கத்து ஊர்க்காரன் திருவிழாவுக்கு வந்தபோது சொன்னான். பெர்பெத்துவா கேட்டுக்கொண்டாள். "பொய் சொல்லலையே. எல்லாருக்கும் அதே பேருதானே," என்றாள்.

குந்துர்பாம்பாவும் தன் பங்குக்கு விசாரணை நடத்தியது. ஊர்க்கூட்டத்தில் கசியானோ எழுந்து நின்றார்.

"ஒண்ணுதான் போட்டேன்னு சொல்றே. மிச்சம் ரெண்டு யாரு போட்டது? சீட்டெல்லாம் உங் கையிலதான இருந்துச்சு?"

"தோன் கசியானோ, ஜன்னல் பூரா ஆளுங்க நின்னு பாத்தீங்களே. எங் கண்ணெதிர பொட்டில போட்டாங்க, எடுத்தேன், படிச்சேன்."

"பாத்தோம். உன்னை நம்பிப் பாத்தோம்."

மூன்று ஓட்டும் அவள் போட்டதே என்று ஊர் முடிவு கட்டியது. மற்ற இரண்டு பேரும் அந்தக் கூட்டத்தில் இருந்திருக்க வேண்டும். சத்தமாகத் திட்டியவர்களில் இருந்தார்களோ, சும்மா இருந்தவர்களில் இருந்தார்களோ, தெரியாது. ஆக, மொஸ்கோசோவுக்காகக் கள்ள ஓட்டுப் போட்டவள் என்று லிமாவும், மொஸ்கோசோவுக்கு எதிராகக் கள்ள ஓட்டுப் போட்டவள் என்று ஊரும், ஒரே எண்ணிக்கைக்காக அவளைக் குற்றவாளி ஆக்கின.

கிழங்கு அறுவடையில் ஒருவர் வயலில் எல்லோரும் கைகொடுப்பது ஊர் வழக்கம். இன்று உன் வயல், நாளை என் வயல். அந்த வருஷம் அவள் வயலுக்கு யாரும் வரவில்லை; அவளையும் யாரும் கூப்பிடவில்லை. தனியாகக் கொத்திக்கொண்டிருந்தபோது வாய்க்கால் ஓரமாக ஹிலாரியோ வந்து நின்றார். பல வருஷத்துக்குப் பிறகு நேராக அவளிடம் பேசினார்.

"ஒரு பொய்யச் சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல?"

"நீயும் மேசையில இருந்தே. மூணும் நான் போடலன்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்."

"அப்போ கூட்டத்துல சொல்லு."

"எனக்கும் அறுவடைக்கு ஆள் வேணுமே," என்று சொல்லிவிட்டு நடந்தார்.

குந்துர்பாம்பாவின் ஓட்டு பிழைத்தது. மனுவை நடுவர் மன்றம் தள்ளுபடி செய்தது. குடும்பக் கும்பலா, குலுக்கலா, சகோதரனா, மகளா என்று எதையும் அவர்கள் பார்க்கவில்லை. மனு அலுவலக நேரம் முடிந்து வந்து சேர்ந்தது, அதனால் தள்ளுபடி. தொலைக்காட்சிக்கு முதலில் கொண்டுபோய்க் கொடுத்ததில் தாமதமாகிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். பெர்பெத்துவா சதுக்கத்தில் சொன்னது எதுவும் எவருக்கும் தேவைப்படவில்லை.

மொஸ்கோசோ ஜனாதிபதி ஆனார். ஒரு வாரத்துக்குள் லாமாக் காதுகள் உதிர்ந்துவிட்டன. அதே சித்திரக்காரர் இப்போது அவரைக் கோட்டு சூட்டோடு, சற்று உயரமாகவே வரைந்தார். அதே தொலைக்காட்சி சான் ஹசிந்தோவுக்குப் போய், அவர் பழைய நிலச்சுவான்தார் குடும்பத்தவர் என்பதைக் கண்டுபிடித்து, தாத்தாவின் பண்ணை வீட்டைச் சுற்றிச் சுற்றிக் காட்டியது. கருணைக்கு ஆலோசனை சொன்ன நிபுணர் கலாச்சாரத் துறைக்கு ஆலோசகர் ஆனார். பொறியாளரின் அண்ணன் மகனுக்கு அரசு விளம்பரங்கள் தடையில்லாமல் கிடைத்தன. எல்லோரும் எல்லோரையும் மன்னித்துவிட்டார்கள்.

பெர்பெத்துவாவைப் பற்றி யாரும் திருத்தம் போடவில்லை. இன்றைக்கும் கணினியில் அவள் பெயரைத் தட்டினால் சிவப்புப் பின்னணியும் அந்த அட்டைப் படமும்தான் வருகின்றன. குந்துர்பாம்பாவில் தட்டிப் பார்க்கத் தேவையில்லை. கோயிலில் நிருபத்தை இப்போது வேறொருத்தி வாசிக்கிறாள், தட்டுத் தடுமாறி.

தேர்தல் நாளில் பெர்பெத்துவா பாக்சி சூனி காலையில் பள்ளிக்கூடத்தைத் திறந்து மேசையில் உட்கார்ந்தாள். வந்த ஒவ்வொருவரையும் வாக்களிக்க விட்டாள். தன் ஓட்டைப் பொறியாளருக்குப் போட்டாள். மாலையில் பெட்டியைத் திறந்து, இருந்த சீட்டையெல்லாம் இருந்தபடியே வாசித்தாள்.